தனியாளாக ஊர் மாறுகிறவர் நகரம், சிறுநகரம், கிராமம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி

குடும்பத்தோடு ஊர் மாறுகிறவர்களுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் வேலை பெரும்பாலும் மிச்சமிருப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் அலுவலகம், தாயாருக்குப் பழகிய மருத்துவர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டு, இரண்டு தெருக்களுக்குள் ஒரு வீட்டைப் பிடித்தாக வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். தனியாளுக்கு அந்தக் கட்டுகள் இல்லாததாலேயே அவர் எளிதில் ஏமாந்துபோகிறார். ஆடிச் சாரலில் குற்றாலத்தில் நனைந்துவிட்டுத் திரும்புகிறவருக்குத் தென்காசியில் வீடு பார்க்கத் தோன்றுகிறது. மார்கழிக் கச்சேரி முடிந்து மயிலாப்பூரில் காபி குடிக்கிறவருக்குச் சென்னையை விட்டால் வேறு ஊரே இல்லை என்று படுகிறது. பொங்கலுக்குக் கிராமத்துக்குப் போய்வந்தவருக்குத் திண்ணை வைத்த ஓட்டு வீடு ஒன்று கிடைத்தால் போதும் என்றாகிவிடுகிறது. இவையெல்லாம் அந்தந்த ஊரின் மிக நல்ல நாள்கள். ஓர் ஊரை அதன் மோசமான நாளில் வைத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது, சென்னை, கும்பகோணம், பொள்ளாச்சிக்கு அருகே ஒரு கிராமம் என்று மூன்றிலும் தனியாக வாடகைக்குக் குடியிருந்த பிறகு நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி. கீழே சொல்லப்படுபவை அனைத்தும் அந்த விதியை ஒட்டியவை.

காய்ச்சலில் படுத்த நாளை எண்ணிப் பாருங்கள்

சென்னையில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தபோது எனக்கு ஒருமுறை நான்கு நாள் காய்ச்சல் அடித்தது. கைப்பேசியில் மாத்திரை கேட்டேன். அரை மணி நேரத்தில் கதவுக்கு வந்தது. கஞ்சியும் அப்படியே வந்தது, இரத்தம் எடுக்கவும் ஆள் வீட்டுக்கே வந்தார். ஆனால் அந்த நான்கு நாளும், பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்களைத் தவிர என் கதவைத் தட்டியவர் ஒருவரும் இல்லை. எதிர் வீட்டுக்காரருக்கு என் பெயர் தெரியாது, அவர் பெயர் எனக்கும் தெரியாது. கும்பகோணத்தில் இதே போலப் படுத்தபோது, இரண்டு நாள் காலையில் மெஸ்ஸுக்கு வராததைக் கவனித்துவிட்டு, மூன்றாம் நாள் மெஸ்காரர் ஒரு பையனிடம் இட்லியும் மிளகு ரசமும் கொடுத்தனுப்பினார். கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டுதான் அனுப்பினார் என்றாலும் அனுப்பினார். கிராமத்தில் பால்காரர் வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை என்பதே போதுமானதாக இருந்தது. எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா சுக்குக் கஷாயத்தோடு வந்துவிட்டார். எனக்கு என்ன நோய், அது ஏன் வந்தது, காலாகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டிருந்தால் வந்திருக்குமா என்பதையெல்லாம் மாலைக்குள் தெருவே பேசித் தீர்த்துவிட்டது. கஷாயம் எட்டு மணிக்கே கிடைத்துவிட்ட அந்த ஊரில் மருத்துவரைப் பார்க்க மதியம் ஒரு மணி ஆயிற்று, அதுவும் பதினாறு கிலோமீட்டர் போன பிறகு.

இந்த மூன்று விதமான படுக்கையில் எது உங்களுக்குத் தாங்கும் என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் எட்டிப் பார்க்காததை விடுதலையாக உணர்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே நிலையில் இரண்டாம் நாளே கலங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் முதல் வகையாக இருந்தவர் ஐம்பதில் இரண்டாம் வகையாக மாறியிருப்பதும் இயல்பே.

தொடர்ந்து மருந்தெடுக்கும் நோய் இருந்தால் இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. இதய நோயோ, சிறுநீரக நோயோ உள்ளவர், இரவு இரண்டு மணிக்கு 108 வண்டி ஏறினால் சிறப்பு மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரலாம் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொள்ள வேண்டும். கும்பகோணத்தில் இருப்பவருக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை ஊருக்குள்ளேயே உண்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேண்டுமென்றால் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். தென்காசிக்காரர் அதே தேவைக்குத் திருநெல்வேலிக்குப் போகிறார். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், திண்டுக்கல், அரியலூர், இராமநாதபுரம், கிருஷ்ணகிரி உள்ளிட்ட 11 இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்ட பிறகு இந்தத் தூரம் பல மாவட்டங்களில் குறைந்திருக்கிறது. ஆகவே பத்து ஆண்டுகளுக்கு முன் உறவினர் சொன்ன கதையை வைத்து ஓர் ஊரைக் கழித்துவிட வேண்டாம்.

வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். தினமும் அலுவலகம் போகிறவருக்கு ஊர் ஏற்கெனவே பாதி முடிவாகிவிட்டது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர், இந்த வேலை போனால் அடுத்ததை இதே ஊரில் இருந்துகொண்டு தேட முடியுமா என்று யோசிக்க வேண்டும். கோயம்புத்தூர், திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் அதற்கு வழியிருக்கிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகியவற்றிலும் 2024 இல் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது என்றாலும், ஓர் ஊரில் ஒரே ஒரு பெரிய முதலாளி இருப்பதும் பத்துப் பேர் இருப்பதும் ஒன்றாகாது.

நகரம் என்றால் எந்த மூலை?

சென்னைக்குக் குடிபோகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதில் செய்தி குறைவு. திருவல்லிக்கேணி மேன்சனில் ஓர் அறை, தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு வீடு, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியின் பதினான்காவது தளம் ஆகிய மூன்றும் வெவ்வேறு வாழ்க்கைகள். தனியாளுக்கு நான் சொல்வது, புறநகர் ரயில் நிலையத்திலிருந்தோ மெட்ரோ நிலையத்திலிருந்தோ நடந்து பத்து நிமிடத்துக்குள் இருக்கும் வீட்டை மட்டும் பாருங்கள் என்பதே. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் தடத்திலும், அரக்கோணம் தடத்திலும் சிறிய வீடுகள் இன்னும் கிடைக்கின்றன. அறை சற்று சின்னதாக இருந்தாலும், வீடு திரும்பும் ஒன்றரை மணி நேரம் அரை மணியாகக் குறைவது தனியாளுக்குப் பெரிய லாபம். சமைப்பதற்கும் துணி துவைப்பதற்கும் அவருக்கு வேறு ஆள் இல்லை.

அடுத்தது தண்ணீர், இரண்டு பொருளிலும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போன்ற பகுதிகளில் தரைத்தளம் மூழ்கியது. நடுவே 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. வீடு பார்க்கப் போகும்போது வீட்டு உரிமையாளரிடம் இவை பற்றிக் கேட்பதைவிட, தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடமோ மளிகைக் கடைக்காரரிடமோ கேளுங்கள். "மழைக்கு எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று கேட்டால் அவர் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டிவிடுவார். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடக்கமா, தனியாகப் பங்கு போடப்படுமா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு பேர் இருக்கும் வீடும் ஒருவர் இருக்கும் வீடும் சமமாகப் பங்கு கொடுக்கும் ஏற்பாடுதான் பல இடங்களில் உண்டு.

மின் மீட்டரை நின்று பார்க்கச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனியாக இருக்கிறவர், குளிர்சாதனம் இல்லாவிட்டால், பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கிவிடுவார். ஆனால் பல வீடுகளில் மின்வாரிய இணைப்பு உரிமையாளர் பெயரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மாடி அறைக்கு ஒரு சப்-மீட்டரை மாட்டிவிட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் 90 யூனிட் செலவழித்தவர் 720 ரூபாய் கொடுக்கிறார். தனி இணைப்பு இருந்திருந்தால் அவர் கட்ட வேண்டியிருந்திருக்காது. எனவே, வாடகை ஐநூறு ரூபாய் குறைவு என்று ஒரு வீட்டைப் பிடிப்பதற்கு முன், சுவரில் இருப்பது மின்வாரிய மீட்டரா, கடையில் வாங்கிய மீட்டரா என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தனியாளுக்கு நகரத்தில் வீடு கொடுக்க மறுப்பவர்கள் அதிகம். "ஃபேமிலிக்கு மட்டும்" என்ற பலகை வெளிப்படையானது. "வெஜிடேரியன் மட்டும்" என்ற பலகைக்குப் பின்னால் சாதியைக் கேட்கும் கேள்வி ஒளிந்திருப்பது அதை எதிர்கொண்டவர்களுக்குத் தெரியும். அதற்காகப் பொய் சொல்லிக் குடிபுகுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மீன் வறுத்தால் தெரிந்துவிடும் என்ற பயத்தோடு பதினொரு மாதம் ஒரு வீட்டில் இருப்பது பெரும் சிறை. முதல் மூன்று மாதத்துக்கு விடுதியில் தங்கிக்கொண்டு பொறுமையாகத் தேடுவது நல்லது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி தொடங்கி திருச்சி, தஞ்சாவூர் வரை இருக்கின்றன.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 2017 இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. உரிமையாளர்கள் அந்த "வேறு உடன்பாடு" என்பதைப் பிடித்துக்கொண்டு ஐந்தோ ஆறோ மாதம் கேட்பார்கள். பேரம் பேசும் இடம் அதுதான். அட்வான்ஸில் முடங்கும் பணம், ஊர் பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் உங்களை அங்கேயே கட்டிப்போடும் என்பதால், வாடகையில் ஐநூறு கூடினாலும் அட்வான்ஸைக் குறைக்கப் பாருங்கள்.

சிறுநகரத்தில் குடியேறுகிறவர் செய்யும் ஒரு தவறு

என் சாய்வை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: தனியாக வாழப்போகும் பெரும்பாலோருக்கு, ரயில் நிற்கிற, அரசு மருத்துவமனை இருக்கிற, நடந்தே கடைத்தெருவுக்குப் போகக்கூடிய சிறுநகரம் பொருந்தும் என்பது என் கருத்து. கும்பகோணம், காரைக்குடி, பொள்ளாச்சி, தென்காசி, மன்னார்குடி போன்ற ஊர்களை நினைத்துச் சொல்கிறேன். காரைக்குடி 2024 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. ஆனால் அதன் நடை இன்னும் சிறுநகரத்து நடைதான். அதிகாலையில் அங்கே பல்லவன் விரைவு ரயிலில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னைக்கு வந்துவிடலாம். தென்காசியிலிருந்து பொதிகையில் இரவு முழுக்கப் பயணம் செய்தாக வேண்டும். பெற்றோரோ நண்பர்களோ எங்கே இருக்கிறார்கள் என்பதை வைத்து, அவர்களிடம் ஒரே வண்டியில் போய்ச்சேரக்கூடிய ஊரைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் வண்டி மாற வேண்டிய ஊருக்கு முதல் ஆண்டு நான்கு தடவை யாராவது உங்களைப் பார்க்க வருவார்கள். அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தொலைபேசி வரும்.

ஆனால் இந்தச் சிறுநகரங்களுக்கு வருகிறவர்கள் ஊருக்குள் வீடு எடுப்பதில்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகள் பழையவை, வண்டி நிறுத்த இடமில்லை, சமையலறை இருட்டு என்று சொல்லிவிட்டு, ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, புறவழிச் சாலையை ஒட்டிப் போடப்பட்ட புதிய மனைப் பிரிவில், ஏதோ ஒரு நகர் விரிவாக்கத்தில், டைல்ஸ் ஒட்டிய வீட்டை எடுக்கிறார்கள். பகலில் பார்க்க அழகாக இருக்கும். மாலை ஆறரைக்கு மேல் போய்ப் பாருங்கள். பத்து மனைக்கு ஒரு வீடு, நடுவில் சீமைக் கருவேலம், தெருவிளக்குக் கம்பம் இருந்தும் விளக்கு எரியாத முக்கு, அங்கே ஏழெட்டு நாய்கள். பால் பாக்கெட்டுக்கும் வண்டி எடுக்க வேண்டும். நகரத்தின் தனிமையும் கிராமத்தின் தூரமும் ஒன்றாகச் சேரும் இடம் அது, இரண்டின் நன்மையும் இல்லாமல். குடும்பத்தோடு வருகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே பேச ஆள் இருப்பதால் சமாளித்துவிடுகிறார்கள். தனியாள் பேருந்து நிலையத்திலிருந்தோ பெரிய கடைத்தெருவிலிருந்தோ ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் பழைய வீட்டின் மாடிப் பகுதியை எடுத்துக்கொள்வது நல்லது. சமையலறை இருட்டாக இருந்தால் விளக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வண்டி ஓட்டத் தெரியாதவர்களும் ஓட்ட விரும்பாதவர்களும் கடைசி நகரப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை நேரக் காப்பாளர் அறையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டரைக்குப் பிறகு பேருந்து இல்லாத பகுதியில் இருந்தால், இரவுக் காட்சிக்கும் நண்பர் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஆட்டோ வாடகையைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும். சில மாதங்களில் போவதே நின்றுவிடும். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பயணம் இலவசம் என்பதால், நல்ல நகரப் பேருந்துத் தடத்தில் இருக்கும் வீடு அவர்களுக்கு மாதச் செலவையும் குறைக்கும்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் மின்தடையைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு துணைமின் நிலையத்திலும் அவ்வப்போது பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். முந்தைய நாள் நாளிதழில் அறிவிப்பு வரும். கைப்பேசி இணையத்தையும் மடிக்கணினியின் பேட்டரியையும் நம்பி அந்த நாளை ஓட்டிவிடலாம் என்று நினைத்து, முக்கியமான கூட்டத்தின் நடுவே நான் மறைந்துபோன நாள் உண்டு. இன்வெர்ட்டர் இருக்கும் வீடாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அதை வாங்கும் செலவை முதல் மாதக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.

சிறுநகரத்தில் கேள்விகள் வரும். சொந்த ஊர் எது, என்ன ஆளுக, கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை, சம்பளம் எவ்வளவு. முதலில் வருகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. "நம்ம ஆளுகதான்" என்று சிரித்து மழுப்புகிறவர்களும் உண்டு, நேரடியாகச் சொல்லிவிட்டு வருவதைப் பார்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. மற்ற கேள்விகளை நான் காலப்போக்கில் வேறு விதமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கினேன். உங்களைப் பற்றி எதுவும் தெரியாத ஊரில் உங்களைத் தேடவும் மாட்டார்கள் என்பதை அந்த மெஸ்காரர் அனுப்பிய இட்லி எனக்குப் புரியவைத்தது. தனியாக இருக்கும் பெண்களுக்கு இந்தக் கவனிப்பு கண்காணிப்பாக மாறுவது எளிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரவு எத்தனை மணிக்கு வந்தார், யார் கொண்டுவந்து விட்டார்கள் என்பதை எதிர் வீடு குறித்துக்கொள்ளும் தெருவில், தனியாக வேலைக்குப் போகும் வேறொரு பெண் ஏற்கெனவே குடியிருக்கிறாரா என்று விசாரித்து, இருந்தால் அவரிடமே பத்து நிமிடம் பேசிவிட்டு முடிவெடுப்பது சிறந்த வழி.

மாலை ஆறு மணிக்கு மேல் எங்கே போவீர்கள் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கிளை நூலகம், பள்ளி மைதானத்தில் நடக்கிறவர்கள், இறகுப்பந்து ஆடும் கூடம், கோயில் பிராகாரம், தேநீர்க் கடைப் பெஞ்சு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் தினமும் ஒரே நேரத்துக்குப் போனால், மூன்று மாதத்தில் நான்கு பேருக்கு உங்கள் முகம் பழகிவிடும்.

கிராமத்துக்குப் போவதாக இருந்தால்

கிராமத்தில் வாடகைக்கு வீடு தேடுவது தனிக் கலை. பலகை மாட்டியிருக்காது, இணையத்திலும் வராது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர், கிராம செவிலியர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் போன்று வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று விசாரித்தால் அந்த வீடு இப்போது காலியாக இருக்கிறதா என்பது தெரியவரும். பூட்டிக்கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீடு கிடைத்தால் அதன் கிணற்றையும் மோட்டாரையும் யார் பழுது பார்ப்பது என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

ஊரும் சேரியும் இன்னும் தனித்தனியாக இருக்கும் நிலம் இது. கிராமத்தில் வீடு எடுப்பது என்றால் ஒரு தெருவை எடுப்பது. தெரு என்றால் பெரும்பாலும் ஒரு சாதி. யார் வீட்டில் தண்ணீர் குடிக்கிறீர்கள், யாரை வீட்டுக்குள் உட்கார வைக்கிறீர்கள் என்பது கவனிக்கப்படும். அமைதி தேடிப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் இதைப் பற்றி யோசிப்பதேயில்லை. தலித்துகள் யோசிக்காமல் இருக்க முடிவதேயில்லை. வீடு காட்டிய அன்று சிரித்துப் பேசியவர்கள், மறுநாள் விசாரித்துவிட்டு, வீட்டைப் பெண்ணுக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவதுண்டு. அந்த மறுநாள் பதிலை வைத்தே ஊரைப் புரிந்துகொள்ளலாம்.

நிலத்தடி நீர் எல்லா ஊரிலும் குடிக்கத் தக்கதல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் பாதித்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013 இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுக் குடிநீர் எந்தெந்த நாள் வருகிறது, தெருக்குழாயா, வீட்டு இணைப்பா என்று கேளுங்கள். காலை ஐந்தரைக்கு வரும் தண்ணீருக்கு ஐந்தரைக்கு எழுந்திருக்க உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஊருக்குப் போய்விட்டால் அந்த வாரத் தண்ணீரும் போய்விடும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போனால் பக்கத்து வீட்டார் பிடித்து வைப்பார்கள். அந்த அளவுக்குப் பழக எனக்கு ஐந்து மாதம் ஆனது.

கைப்பேசி அலைவரிசையைத் தெருவில் நின்று பார்க்கக் கூடாது. நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க வேண்டும். பாம்புக்கடி மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, இரவில் அங்கே ஆள் உண்டா என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். கிராமசபைக் கூட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும், அண்மை ஆண்டுகளில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் நடக்கிறது. குடியேறுவதற்கு முன் அந்த நாள்களில் ஒன்றில் போய், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சாக்கடை, குடிநீர், மினி பஸ், சுடுகாட்டுப் பாதை என்று ஊரின் குறைகள் அனைத்தையும் ஒரே மதியத்தில் ஊர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள்.

நிலம் வாங்குவதைப் பற்றி ஒரு வரி போதும்: முதல் ஓராண்டு வாங்காதீர்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தாலும், வேலிக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று எந்தச் சான்றிதழிலும் எழுதியிருக்காது.

பதினைந்து நாள் தங்கிப் பார்ப்பது

இரண்டு ஊர்களாகச் சுருக்கிக்கொண்ட பிறகு, ஒவ்வொன்றிலும் பதினைந்து நாள், முடியாவிட்டால் ஒரு வாரமாவது, சாதாரண விடுதி அறையில் தங்குங்கள். விடுமுறை எடுத்துக்கொண்டு தங்கினால் பயனில்லை. வழக்கமான வேலையைச் செய்துகொண்டே, அங்கேயே துணி துவைத்து, அங்கேயே முடிவெட்டிக்கொண்டு, அங்கேயே ஞாயிற்றுக்கிழமை மதியத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை, கடைகளும் மூடி, வெயிலும் நிற்கும் நேரத்தில், அறையில் எப்படி இருக்கிறது என்பது முக்கியம். எந்த மாதத்தில் போவது என்பதிலும் கவனம் வேண்டும். தென்காசியை மே மாதத்தில் பாருங்கள், வேலூரையும் அப்படியே. சென்னையையும் டெல்டாவையும் கடலோர ஊர்களையும் நவம்பரிலோ டிசம்பரிலோ பாருங்கள். மழை வெள்ளம் சென்னைக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தவர்களுக்கு, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்த மழையும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் பட்ட பாடும் பதிலாக அமைந்தன.

தங்கியிருக்கும் நாள்களில் ஒருமுறையாவது இரவு பத்து மணிக்கு மேல் வெளியூர்ப் பேருந்திலிருந்து இறங்கி, பையோடு, நீங்கள் எடுக்க நினைக்கும் தெருவுக்கு வந்து பாருங்கள். அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் என்ன கேட்கிறார், நாய்கள் எங்கே நிற்கின்றன, எந்த மருந்துக் கடை திறந்திருக்கிறது என்பதெல்லாம் ஒரே நடையில் தெரிந்துவிடும். உழவர் சந்தை இருக்கும் ஊராக இருந்தால் காலை ஆறரைக்குப் போய், கால் கிலோ கத்தரிக்காய் கேட்டுப் பாருங்கள். ஒரு தனியாளுக்குத் தேவையான சிறிய அளவை முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுக்கும் ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது எளிது.

முடிவெடுத்துவிட்டால், முதல் பதினொரு மாதத்தைச் சோதனைக் காலமாகவே நடத்துங்கள். கட்டிலும் குளிர்பதனப் பெட்டியும் தவிர பெரிய பொருள் எதையும் வாங்க வேண்டாம். சமையல் எரிவாயு இணைப்பை மாற்ற நாளாகும் என்பதால், அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டரை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, தனியாளுக்கு அது ஒரு மாதத்துக்கு மேலும் வரும். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இருந்தால் ஆதார் முகவரியை மாற்றலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து, இந்த ஊரில்தான் இருக்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகு குடும்ப அட்டை முகவரியை மாற்றினால் அலைச்சல் மிச்சம்.

ஒப்பந்தத்தில், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, இடையில் காலி செய்தால் அட்வான்ஸில் பிடித்தம் உண்டா, வெள்ளையடிக்க எவ்வளவு கழிப்பார்கள் என்ற மூன்றையும் எண்ணில் எழுதச் சொல்லுங்கள். "வழக்கப்படி" என்று எழுதிய ஒப்பந்தத்தை நம்பி, ஒரு மாத வாடகையை வெள்ளையடிப்புக்கு இழந்த அனுபவம் எனக்கு உண்டு; அந்தச் சுவருக்குக் கடைசிவரை வெள்ளையடிக்கவில்லை என்பதை அடுத்துக் குடிவந்தவரே பிறகு சொன்னார். சாவியை வாங்கும் அன்று ஒவ்வொரு சுவரையும், குழாயையும், மீட்டர் எண்ணையும் தேதியோடு படமெடுத்து, அன்றே உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் அன்றும் அதே இடங்களில் நின்று அதே படங்களை எடுத்து அனுப்ப வேண்டும்.